வோர்னொக் அறிக்கை: ஒரு மறுநோக்கு

மேரி வோர்னொக் தலைமையிலான குழு 1978இல் பிரித்தானிய அரசுக்கு அளித்த அறிக்கை, ஊனத்தின் பெயரால் பிள்ளைகளை வகைப்படுத்துவதைக் கைவிடுமாறு வேண்டி, ‘விசேட கல்வித் தேவை’ என்னும் கருத்தை நிலைநாட்டியது. ஐவரில் ஒருவருக்கு என்றேனும் அத்தேவை எழலாம் என்றது. இதன் பெருமையை மறுப்பாரிலர். எமது ஐயம் நிருவாகம் பற்றியது. 1981ஆம் ஆண்டுச் சட்டம், ஏனைய மாணவரின் கல்விக்கும் வளங்களின் செவ்விய பயன்பாட்டிற்கும் ஊறு நேராதவிடத்தே இத்தகைய பிள்ளைக்குப் பொதுப் பாடசாலையில் இடமுண்டு என்றது; மேலதிக நிதியோ வழங்கப்படவில்லை. அன்றியும், தேவையை மதிப்பிட்டுக் கூற்றுப்பத்திரம் எழுதுவதும் அதற்குச் செலவழிப்பதும் ஒரே உள்ளூர் அதிகாரசபையின் கடனாயின. பணமுடையுள்ள சபை தேவையைச் சுருக்கியெழுத முற்படும் என்பதை உணரப் பேராராய்ச்சி வேண்டுவதில்லை. 2005இல் வோர்னொக் அம்மையாரே இப்பத்திர முறையையும் உட்படுத்தற் கொள்கையையும் மீளாயுமாறு கோரினார். 2014ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திற் பத்திரத்தை நீக்கிப் புதியதொரு திட்ட ஆவணத்தை வைத்தது; மதிப்பீடோ அதே சபையிடமே விடப்பட்டது.