ஸ்கேன் சொன்ன பிறகு எங்கே பெறுவது?

கருவின் நான்கு இதய அறைகளும் திரையில் ஒழுங்காகத் தெரிகின்றன. "புள்ளைக்கு ஒண்டுமில்லையாம்" என்று உம்மா வீட்டுக்குச் செய்தி போகிறது. ஆனால் பெருநாடியும் நுரையீரல் நாடியும் இடம்மாறிய இதயமும் இந்தக் கோணத்தில் பெரும்பாலும் இப்படித்தான் தெரியும். ஸ்கேன் கருவியைத் தலைப்பக்கமாகச் சற்றுச் சாய்த்து, இரு நாடிகளும் குறுக்கே கடக்கின்றனவா, அருகருகே ஓடுகின்றனவா என்று பார்த்தால்தான் குறை பிடிபடும்.

பிடிபட்டால் என்ன லாபம்? பாரிஸ் வைத்தியர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், இக்குறை வயிற்றிலேயே தெரியவந்த 68 குழந்தைகளில் ஒன்றுகூடச் சத்திரசிகிச்சைக்கு முன் இறக்கவில்லை. பிறந்தபின் கண்டறியப்பட்ட 250 பேரில் 15 பேர் சத்திரசிகிச்சைக்கு முன்பே போய்விட்டார்கள். அங்கே உயிர் காத்தது ஆரூடமல்ல. முன்கூட்டியே தெரிந்ததால், குறையைச் சமாளிக்கக்கூடிய இடத்துக்கு அருகில் பிரசவம் நடந்தது.

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனைக்கு இந்தக் கணக்கு இடிக்கிறது. அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையில் பிரசவம் பார்க்கலாம். பச்சிளம் குழந்தையின் இதயச் சத்திரசிகிச்சைக்குப் பெரும்பாலும் கொழும்பு லேடி ரிஜ்வே வைத்தியசாலைதான், வீதி வழியே 300 கிலோமீட்டருக்கும் மேல். இந்தக் கரையிலோ கலியாணத்தின் பின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பேறும் உம்மாவின் கைப்பக்குவத்தில்தான். நிறைமாதத்தில் கொழும்பில் அறை எடுத்துத் தங்குவதென்றால் உம்மாவும் வர வேண்டும், வாப்பாவின் கடையும் மூட வேண்டும். ஸ்கேன் அறிக்கையில் இந்தச் செலவுக்குப் பத்தி கிடையாது.

எதிர்காலம் சொல்வதிலும் ஸ்கேன் அவ்வளவு கெட்டி அல்ல. பெருநாடிச் சுருக்கம் என்று சந்தேகிக்கப்பட்ட கருக்கள் பல சுகமாகவே பிறக்கின்றன. கருவில் திறந்திருக்கும் நாளம் உண்மையான சுருக்கத்தை மறைத்துவிடுவதும் உண்டு. அரை இதயத்தோடு பிறக்கும் பிள்ளையின் வடிவத்தைத் திரை காட்டும். அது பத்து வயதில் ஓடி விளையாடுமா என்பதைக் காட்டாது.

கருக்கலைப்புக்குத்தான் இந்த ஸ்கேன் வழிவகுக்கும் என்ற வாதம் இங்கே எடுபடாது. மக்காவின் இஸ்லாமியச் சட்ட (பிக்ஹ்) சபை 1990இல் கடும் ஊனத்துக்கு அளித்த சலுகை கருவுற்ற 120 நாட்களோடு முடிகிறது. கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணும் 20ஆம் வார ஸ்கேனின்போது ஏறத்தாழ 126 நாட்கள். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையோ தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே இடம் தருகிறது. ஆக, குடும்பத்தின் கையில் மிஞ்சுவது பிரசவிக்கும் இடம் ஒன்றுதான். அதைப் பேசாமல் குறையின் பெயரை மட்டும் சொல்லி அனுப்புவது பாதி வைத்தியம்.

ஸ்கேனில் பிடிபடாத பிள்ளைக்கும் ஒரு வழி உண்டு. பிறந்த சிசுவின் காலில் ஒட்சிசன் அளவு பார்க்கும் சிறு கருவி, ஸ்கேன் தவறவிட்ட நாடி மாற்றத்தைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். அதைப் பொருத்த இதய நிபுணர் தேவையில்லை. பெருநாடிச் சுருக்கம் மட்டும் அதற்கும் தப்பிவிடுவதுண்டு.