அடியை யார் வாங்குவது?

விளையாட்டைப் பற்றி நம் இதழ்களில் எழுதப்பட்டவற்றை இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம். ஒன்று, பிள்ளைகளைக் கெடுக்கும் நுகர்வுப் பண்டம் என்ற புலம்பல். மற்றது, கையில் கிடைத்த எதையும் ‘பிரதி’ என்று அழைத்துவிட்டு, அது எப்படி இயங்குகிறது என்று ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல் தத்துவம் பேசுவது. முதல் வகையினருக்கு விளையாட்டின் மீது வெறுப்பு. இரண்டாம் வகையினருக்கு அலட்சியம். விதிகளைப் படிக்காமல் ஒரு விளையாட்டை விமர்சிப்பது, அட்டைப்படத்தை வைத்துக் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதுகிற காரியம். நம்மிடையே அதுவும் நடக்கத்தான் செய்கிறது.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்வது போக்கிமான் போட்டி ஆட்டத்தில் ‘பல்க்கி அஃபென்ஸ்’ என்று சொல்லப்படுகிற ஓர் அணிமுறையை. தமிழில் தாங்கியடித்தல் என்று வைத்துக்கொள்வோம். என்னத்துக்கு இந்தப் பேச்சு என்று கேட்கிற தோழர்களுக்கு ஒரு பதில்தான் உண்டு. ஒரு கூட்டத்தின் மீது அடி விழும்போது அதை யார் வாங்குவது, எத்தனை முறை வாங்குவது, வாங்கியவருக்குத் திருப்பி அடிக்க வாய்ப்பு உண்டா என்ற கேள்விகளை இந்த அணிமுறை மறைக்காமல் எண்களில் வைக்கிறது.

1996 பிப்ரவரியில் ஜப்பானில் வெளியான இந்த விளையாட்டின் கதை, ஒரு சிறுவன் ஊர் ஊராகப் போய் விநோதப் பிராணிகளைப் பிடித்துப் பழக்குவது. கதை இங்கே நமக்கு முக்கியமில்லை. இருவர் மோதும் போட்டியில் ஆளுக்கு ஆறு போக்கிமான். ஒவ்வொன்றுக்கும் நான்கு செயல்கள். ஒற்றையர் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு ஒன்றுதான் களத்தில் நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் ஒரே நேரத்தில், மற்றவர் அறியாமல் முடிவெடுக்க வேண்டும்: அடிப்பதா, நிற்பதைத் திருப்பி அழைத்துக்கொண்டு இன்னொன்றை அனுப்புவதா? மாற்றினால் அந்தச் சுற்று போச்சு. பொதுவாக மாற்றம் முதலில் நடக்கும், அடி பிறகுதான் விழும். அதாவது, வெளியே போனதைக் குறிவைத்த அடியை உள்ளே வந்தது வாங்கிக்கொள்ளும். இந்த ஒரு விதியில்தான் ஆட்டத்தின் அரசியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒருவருக்கான அடியை இன்னொருவர் ஏற்காமல் இங்கே யாரும் காப்பாற்றப்படுவதில்லை.

இந்த விதிக்கு ஆட்டக்காரர்கள் சொன்ன பதில்களில் இரண்டு தீவிரமானவை. ‘ஹைப்பர் அஃபென்ஸ்’ அணியின் சித்தாந்தம் வேகம். முந்தி அடிச்சவன் ஜெயிச்சான், அவ்வளவுதான். 2002இல் வந்த மூன்றாம் தலைமுறை ஆட்டங்களிலிருந்து ஒரு போக்கிமானுக்குப் பயிற்சியால் கிடைக்கும் புள்ளிகள் மொத்தம் 510. ஒரு திறனுக்குப் பயன்படக்கூடியது அதிகபட்சம் 252. வேக அணி 252ஐத் தாக்குதலிலும் 252ஐ வேகத்திலும் கொட்டிவிட்டு மிச்சத்தைப் பேருக்கு எங்காவது போட்டுவைக்கும். உடலுக்கு ஒன்றுமில்லை. முதலில் வரும் ஒன்று எதிராளியின் பக்கம் கற்களைப் பரப்பிவிட்டுச் சாகும். அதை ஆட்டக்காரர்கள் கூச்சமில்லாமல் ‘தற்கொலை லீட்’ என்றே அழைக்கிறார்கள். வேகமே அதிகாரத்தின் வடிவம் என்று 1977இல் வந்த ‘வேகமும் அரசியலும்’ நூலில் பால் விரிலியோ வாதிட்டார். அவர் வாதத்துக்கு இதைவிடச் சின்ன, சுத்தமான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

இன்னொரு முனையில் ‘ஸ்டால்’. சுவர்போல நிற்பது, காயத்தை ஆற்றிக்கொள்வது, விஷம் வைத்துவிட்டுக் காத்திருப்பது. இங்கே உடல்கள் அடி வாங்குகின்றன, ஆனால் கொடுப்பதில்லை. கொடுக்கும் வேலையைக் காலம் பார்த்துக்கொள்ளும்.

மேலுக்கு எதிரெதிராகத் தெரியும் இரண்டுக்கும் ஒரு பொது அடித்தளம் உண்டு. அடிப்பது ஒரு வேலை, தாங்குவது வேறொரு வேலை என்ற பிரிவினை அது. நடுவில் இருக்கும் ‘பேலன்ஸ்’ அணியும் இந்தப் பிரிவினையை ஒழிப்பதில்லை. பாதிப் பேர் தாங்கவும் பாதிப் பேர் அடிக்கவும் என்று பங்கு போட்டுவிடுகிறது. தாங்கியடிக்கும் அணி மறுப்பது இந்தப் பிரிவினையைத்தான். ஆறில் ஏறக்குறைய ஒவ்வொன்றும் ஓர் அடியை வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். நின்றபின் எதிராளி பயப்படும்படி ஓர் அடி கொடுக்கவும் வேண்டும். நிற்கத் தெரியாத பலம் உள்ளே நுழையவே முடியாது. அடிக்கத் தெரியாத பொறுமையைப் பார்த்து எதிராளிக்குப் பயமில்லை. அவன் சாவகாசமாகத் தன் பலத்தைக் கூட்டிக்கொள்வான்.

சொல்வது எளிது. கட்டுவது எப்படி? 2010க்குப் பின் ஐந்தாம் தலைமுறை ஆட்டத்தில் பெயர்பெற்ற ஓர் இணையை எடுத்துக்கொள்வோம். ஒன்று சிசர்: பூச்சியும் எஃகும் சேர்ந்த வகை. மற்றது சலவை யந்திரத்துக்குள் புகுந்துகொண்ட ரோட்டம்: மின்சாரமும் நீரும் சேர்ந்த வகை. சிசருக்கு ஒரே ஒரு பலவீனம், நெருப்பு. ஆனால் அது நான்கு மடங்காக விழும். நெருப்பு ரோட்டத்தின் மீது பாதிதான் விழும். மிதக்கும் இயல்பு இருப்பதால் ரோட்டத்துக்கு நிலத்தாக்குதல் படாது. மிச்சமிருக்கும் ஒரே பலவீனம் புல். அந்தப் புல் சிசர் மீது கால் பங்குதான் விழும். ஒன்றின் மரணம் மற்றதற்கு வெறும் கீறல். ‘உறுதி’ என்று நாம் பேசும்போது ஒரு தனி உடலின் கனத்தைத்தான் நினைக்கிறோம். இங்கே உறுதி இரண்டு உடல்களுக்கும் இடையிலுள்ள உறவில் இருக்கிறது. இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதன் உறுதியும் போய்விடும்.

இரண்டுக்கும் அடித்துவிட்டு வெளியேறும் செயல் ஒன்று உண்டு: சிசருக்கு யூ-டர்ன், ரோட்டத்துக்கு வோல்ட் ஸ்விட்ச். இதில் கவனிக்க வேண்டியது வேகத்தின் தலைகீழ் மதிப்பு. வேகமான ஒன்று யூ-டர்ன் செய்தால், அதன் இடத்துக்கு வருவது எதிராளியின் அடியை வாங்கும். மெதுவானது செய்தால் நடப்பது வேறு. அது முதலில் அடியை வாங்கிக்கொள்ளும், பிறகு அடிக்கும், பிறகுதான் வெளியேறும். தோழன் காயமில்லாமல் உள்ளே வருவான். சிசரின் அடிப்படை வேகம் வெறும் 65. வேக அணியின் கண்ணில் குறையாகத் தெரிந்த அதே எண் இங்கே தோழனுக்கு வாசலைத் திறந்துவிடுகிறது. முந்தியே ஆகவேண்டிய நேரத்துக்கு புல்லட் பஞ்ச் கையில் இருக்கிறது: வேகத்தைப் பொருட்படுத்தாமல் முன்னால் விழுகிற சின்ன அடி. அதன் பலம் 40. சிறிய அடிகளை ஒன்றரை மடங்காக்கும் சிசரின் ‘டெக்னீஷியன்’ இயல்பு அதை 60 ஆக்கும். தன் வகைக்குரிய அடி என்பதால் இன்னொரு ஒன்றரை மடங்கு, ஆக 90.

இனி கற்கள். 2006இல் வந்த நான்காம் தலைமுறையில் ‘ஸ்டெல்த் ராக்’ என்ற செயல் சேர்ந்தது. ஒருமுறை பரப்பிவிட்டால், அந்தப் பக்கம் உள்ளே வருகிற ஒவ்வொன்றும் ஒவ்வொரு முறையும் காயம்படும். சாதாரணமாக உயிர்ப்புள்ளியில் எட்டில் ஒரு பங்கு. நெருப்பும் பறத்தலும் சேர்ந்த சாரிஸார்டுக்கோ பாதி உயிர். சுவரொட்டிகளிலும் அட்டைகளிலும் கம்பீரமாக நெருப்பைக் கக்கும் அந்தப் பிராணி களத்துக்குள் காலை வைத்ததும் பாதி செத்துப்போகிறது. 2019இல் கல் குத்தாத காலணி ஒன்று வரும்வரை இதற்குப் பெரிய மாற்று இருந்ததில்லை. கல்லைப் பெருக்கித் தள்ளத் தோழர்கள் வேண்டியிருந்தது.

இங்கேதான் அந்தப் பிரபலமான 248 வருகிறது. நூறாம் நிலையில் உள்ள சிசருக்கு 252 புள்ளிகளையும் உயிரில் போட்டால் 344 கிடைக்கும். 248 போட்டால் 343. எந்தக் கடைக்காரனும் 344தான் பெரிசு என்பான். ஆனால் 344ஐ எட்டால் வகுத்தால் 43. எட்டாவது முறை கல்லில் கால் வைக்கும்போது மிச்சம் சுழி. 343ஐ எட்டால் வகுத்துப் பின்னத்தைத் தள்ளினால் 42. எட்டுமுறை வந்தபின்னும் ஏழு புள்ளி உயிர் மிச்சமிருக்கும். உயிரைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் இன்னொரு முறை உள்ளே வரலாம். வேக அணியில் ஒரு பிராணி ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை வரும் என்பதே எதிர்பார்ப்பு. இந்த ஒற்றைப் புள்ளிக் கணக்கைப் போட்டவரோ அது எட்டாவது முறையும் திரும்பி வரவேண்டியிருக்கலாம் என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறார்.

பலம் பிறப்பில் வருவதா என்ற கேள்வியும் இதோடு ஒட்டியது. இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு பிராணியும் ஒவ்வொரு திறனிலும் 0 முதல் 31 வரை ஓர் எண்ணோடு பிறக்கிறது. அந்த எண்ணுக்காகப் பெட்டி பெட்டியாக முட்டைகளைப் பொரித்து, ‘தேறாதவை’களை விரட்டிவிட்ட காலம் ஒன்று நீண்டநாள் இருந்தது. 2016இல் பயிற்சியால் அந்தக் குறையை ஈடுகட்ட வழி வந்தது. 2019இல் பிறவிக் குணத்தின் விளைவையும் மாற்ற முடிந்தது. பிறப்புக்கு இருந்த மதிப்பு இப்படிச் சரிந்தபின் மிச்சமிருப்பது பங்கீடுதான். 510ஐ எங்கே வைப்பது? தாங்கும் உடல் யாருக்கும் வரமாகக் கிடைப்பதில்லை. வேகத்திலிருந்து பிடுங்கி உடலுக்குக் கொடுக்கும் ஒரு முடிவால்தான் அது உண்டாகிறது.

இந்த அணிமுறையைப் புகழ்ந்துவிட்டு எழுந்துபோவது என் நோக்கமல்ல. இதற்கும் ஒரு பொய் இருக்கிறது. ‘எல்லோரும் வாங்குகிறோம், எல்லோரும் கொடுக்கிறோம்’ என்று அணி சொல்லிக்கொண்டாலும் ஆட்டம் நடக்கும்போது அடி சமமாக விழுவதில்லை. டிராகனைட்டைப் பாருங்கள். முழு உயிரோடு இருந்தால் விழும் அடியைப் பாதியாக்கும் இயல்பு அதற்கு ஐந்தாம் தலைமுறையில் கிடைத்தது. அந்தப் பாதுகாப்பில் நின்றுதான் அது ‘டிராகன் டான்ஸ்’ ஆடித் தாக்குதலையும் வேகத்தையும் ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளும். ஒரு கல் குத்தினாலும் அந்த இயல்பு போச்சு. எனவே அதன் மேனி கலையாமல் இருக்க மற்ற ஐந்தும் உள்ளே வெளியே என்று ஓடுகின்றன. கடைசி அடியை டிராகனைட் கொடுக்கும். ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது அதன் பெயர்தான் வரும். ரோட்டம் எத்தனை முறை கல்லை மிதித்தது என்று யாரும் எண்ணுவதில்லை. 2004இல் தொடங்கிய ஸ்மோகான் என்ற ஆட்டக்காரர் சமூகம், எது எவ்வளவு பயன்படுத்தப்படுகிறது என்ற கணக்கை வைத்துப் போக்கிமான்களை அடுக்குகளாகப் பிரிக்கிறது. அடுக்குப் பிரிக்க, அடி வாங்கிய கணக்கு தேவைப்படவில்லை.

நிறுவனத்தின் அதிகாரபூர்வப் போட்டிகளிலும் இதே கதைதான். அவை இரட்டையர் ஆட்டம். பக்கத்துக்கு இரண்டு பிராணிகள் நிற்கும். 2014இல் வாஷிங்டன் நகரில் நடந்த உலகப் போட்டியில் கொரியாவின் செஜுன் பார்க் பாச்சிரிசு என்ற அணிலைக் கொண்டுவந்து பட்டம் வென்றார். யாரும் சீண்டாத பிராணி அது. அடிப்படைத் தாக்குதல் 45. ‘ஃபாலோ மீ’ என்று எதிராளிகளின் அடியைத் தன் பக்கம் இழுத்து, அருகில் நிற்கும் கையரடோஸ் போன்றவற்றுக்குச் சுற்றுகளைச் சம்பாதித்துக் கொடுத்ததுதான் அதன் முக்கிய வேலை. ‘எளியது வென்றது’ என்று இந்தக் கதை உலகம் முழுக்கப் பரவியது. அப்படிச் சொல்லும்போது ஒன்று மறைந்துபோகிறது. எளியது வென்றது எளியதாக இருந்ததால் அல்ல. பிறருக்கான அடியைத் தாங்கும்படி அதன் உடல் திட்டமிட்டுச் செய்யப்பட்டிருந்ததால். தாங்குவதும் ஒரு தாக்குதல்தான் என்பதற்கு இது சாட்சி. தாங்குபவரை வீரர் என்று கொண்டாடியே தொடர்ந்து தாங்க வைக்கலாம் என்பதற்கும் இதுவே சாட்சி.

இயக்கங்களில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதில்லை. மேடையில் பேசுகிறவர் ஒருவர், வழக்கை ஏற்றுக்கொண்டு வாய்தாவுக்கு அலைகிறவர் இன்னொருவர். உவமையை இதற்குமேல் நீட்ட மாட்டேன். போக்கிமான் தன் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை; வெளியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் அனுப்புகிறார், அது போகிறது. அடி அவர் மேல் விழுவதே இல்லை. மனிதர்களின் கூட்டத்தில் அனுப்புகிறவரும் களத்துக்குள் இருந்தாக வேண்டும் என்பதுதான் வித்தியாசம். இல்லாவிட்டால் அது கூட்டமில்லை, கைச்சரக்கு.

ஆகவே தாங்கியடிக்கும் அணியை அது வெல்கிறதா என்பதை வைத்து மட்டும் மதிப்பிடக் கூடாது. நல்ல அணி எது என்று கேட்டால் என் பதில் இதுதான்: ஆட்டம் முடிந்ததும் ஆறின் உயிர்ப்புள்ளிகளையும் எடுத்துப் பாருங்கள். ஒன்று முழு மேனியோடும் ஐந்து சுழியாகவும் இருந்தால், தாங்கியடித்தல் என்ற பெயரில் நடந்தது பழைய பலியிடல்தான். காயம் ஆறிலும் பரவியிருந்து, ஆறில் பெரும்பாலானவை ஓர் அடியாவது கொடுத்திருந்தால், தோற்றிருந்தாலும் அந்த அணி சரியாகக் கட்டப்பட்டது. அடுத்த ஆட்டத்துக்கு எண்களைத் திருத்த வேண்டியது அங்கிருந்துதான்.