தோட்டா நிரப்பும் கலை: பள்ளிகளும் தராதரமும்

நம் சங்க மலருக்கு ஹேண்ட்லோடிங் மரபைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் அன்புடன் கேட்டார்கள். பெரியவர்கள் இட்ட பணியாகவே இதை ஏற்கிறேன். கேஸை ரீசைஸ் செய்வதும் பிரைமர் பொருத்துவதும் உறுப்பினர்கள் அறிந்தவை. நேராகப் பள்ளிகளுக்கே வருகிறேன்.

குண்டுத் தேர்வில் அமெரிக்க வேட்டைக்காரர்களை இரு கட்சியாகப் பிரித்தவர்கள் ஜாக் ஓ'கானரும் எல்மர் கீத்தும். 1925-ல் வந்த .270 வின்செஸ்டரையும் அதன் 130 கிரெயின் குண்டையும் ஓ'கானர் தம் பத்திரிகை எழுத்தால் ஊரறியச் செய்தார். வேகமும் குறியும் இருந்தால் போதும் என்பது அவர் பக்கம். பெரிய துளை, கனத்த குண்டு, எந்தக் கோணத்திலும் உள்ளே இறங்கும் ஆழம் என்பது ஐடஹோக்காரரான கீத்தின் பக்கம். இவர்களுக்கு முன்பே ஆப்பிரிக்காவில் கரமோஜோ பெல், .275 ரிக்பியில் 173 கிரெயின் முழு உறைக் குண்டை வைத்து யானைகளை வீழ்த்தியிருந்தார். குண்டு எங்கே படுகிறது என்பதே அவர் பார்த்த கணக்கு.

இந்த வழக்கைப் பெருமளவு தீர்த்தது வாதம் அல்ல, ஒரு குண்டு. 1946-ல் கனடாவில் மூஸ் வேட்டைக்குப் போன ஜான் நாஸ்லரின் குண்டுகள் விலங்கின் தோளிலேயே சிதறின. அதிலிருந்து பிறந்தது பார்டிஷன் குண்டு. நடுவே செம்புச் சுவர். முன்பாதி மலரும், பின்பாதி குலையாமல் ஊடுருவும். 1989-ல் பார்ன்ஸ் எக்ஸ் என்ற முழுச் செம்புக் குண்டு வந்தபோது ஈயமே இல்லாமல் போயிற்று. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது என்பதால், செம்புப் பள்ளி இனி விருப்பம் சார்ந்தது மட்டுமல்ல. செம்பு ஈயத்தைவிட லேசானது. அதே எடைக்குக் குண்டு நீளும், ட்விஸ்ட் வேகமாக வேண்டும், கேஸுக்குள் இடமும் அடைபடும். ஈயக் குண்டின் பவுடர் அளவை அப்படியே இதற்குக் கொண்டுவரக் கூடாது.

பவுடர் அளவைக் கண்டறிவதில் கிரைட்டன் ஆடெட்டின் ஏணி முறை ஒரு பள்ளி. அளவைச் சிறுகச் சிறுக ஏற்றி, தூர இலக்கில் மேல்கீழாக எங்கே குண்டுகள் ஒன்றுகூடுகின்றன என்று பார்ப்பது. அடுத்தடுத்த அளவுகளை மாற்றி மாற்றிச் சுட்டு, குண்டு படும் இடம் எந்த அளவுகளில் நகராமல் நிற்கிறது என்று தேடும் டான் நியூபெரியின் முறை இன்னொன்று. பென்ச்ரெஸ்ட் பள்ளி நமக்குக் கேஸைச் சீராக்கும் நுணுக்கத்தைக் கற்றுத் தந்தது. ஆனால் அது காகிதத் துளையை அளக்கும் பள்ளி, வேட்டைப் பள்ளி அல்ல.

நான் அண்ணாச்சியின் பள்ளி. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்; நம் சங்கத்தில் அவரை அறியாதவர் இல்லை. பவுடர் ஊற்றியதும் லோடிங் பிளாக்கிலுள்ள கேஸ்களை வரிசையாக டார்ச் அடித்துப் பார்ப்பார். ஒன்றில் மட்டம் ஒரு நூல் தாழ்ந்தாலும் அத்தனையையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். கையேட்டின் தொடக்க அளவுக்கு மேலே எதையும் முதல் தோட்டாவாக அவர் ஏற்றியதில்லை. குழல் முழுக்க ஆறிய பிறகு ஒரே ஒரு குண்டு. அடுத்த நாள் இன்னொன்று. எல்லாம் ஒரே காகிதத்தில். “தம்பி, மான் உனக்கு இரண்டாம் குண்டுக்குக் காத்து நிற்காது. ஆறின குழலில் முதல் குண்டு எங்கே போகுதோ, அதுதான் உன் லோடு” என்பார். எல்க்கின் தோளிலிருந்து எடுத்த பார்டிஷன்களைத் தராசில் வைத்து எடை பார்த்து நோட்டில் குறித்து வைப்பார். குண்டு உள்ளே என்ன செய்தது என்பதுதான் அவருக்குக் கடைசிப் பரீட்சை.

இப்போது மனம் வருந்தி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. இளைஞர்கள் பலர் நம்மைவிடக் கருவி அறிவு மிக்கவர்கள். ஆனால் மூன்றே குண்டு சுட்டு, அதையும் ஒரு நாணயத்தின் கீழ் மறைத்துப் படம் எடுத்து, லோடு கிடைத்துவிட்டது என்கிறார்கள். அதே ரைஃபிளில் பத்துக் குண்டு சுட்டால் குரூப் சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் விரியும், இது கணக்கு. விலகிய குண்டைக் காற்றின் தலையில் போட்டுக் கணக்கிலிருந்து நீக்குகிறார்கள். அந்த விலகிய குண்டுதான் நாளை மானின் குடலில் படும். போட்டிக் குண்டு சின்னக் குரூப் தருகிறது என்று அதையே வேட்டைக்கு ஏற்றுகிறார்கள். மேட்ச்கிங் என்ற போட்டிக் குண்டைச் செய்யும் சியரா நிறுவனமே அது வேட்டைக்கு ஏற்றதல்ல என்று சொல்லியிருக்கிறது. நோட்டு இல்லை, தராசில் பொறுமை இல்லை, ஆசானிடம் கேட்கும் வழக்கம் இல்லை. காகிதத்திடம் பொய் சொல்லப் பழகியவன் காட்டுக்குள்ளும் உண்மையாக நடக்க மாட்டான். வேட்டையின் ஒழுக்கமே இங்கிருந்துதான் அழிகிறது என்று நான் நம்புகிறேன். பெரியவர்கள் ஒரு தலைமுறையாகக் கட்டிக் காத்ததை மூன்று துளைகளில் இழந்துகொண்டிருக்கிறோம்.

ஓ'கானர் வழியோ கீத் வழியோ, ஈயமோ செம்போ, பள்ளி எதுவானாலும் தராதரம் ஒன்றுதான்: ஆறிய குழல், முதல் குண்டு, நீக்காத கணக்கு. உறுப்பினர்கள் இந்த சீசனுக்கு முன் பத்து நாளின் முதல் குண்டுகளை ஒரே காகிதத்தில் சுட்டு, அந்தக் காகிதத்தைச் சங்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.