கொல்லன் குடிலில் கிடந்த வேல்

தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நின்று ஔவையார் பாடியதாகக் கூறப்பெறும் புறநானூற்றின் 95ஆம் பாடல், தமிழ் வகுப்புகளில் பெரும்பாலும் ஓர் அணியின் பெயரோடு தொடங்கி அந்தப் பெயரோடே முடிந்துவிடுகிறது. வஞ்சப்புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டு யாது என்று வினவினால் மாணாக்கர் தயங்காமல் இதனைச் சொல்வர். அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாகச் சென்ற புலவர் தொண்டைமானைப் புகழ்வதுபோல் இகழ்ந்தார், அதியமானை இகழ்வதுபோல் புகழ்ந்தார் என்பது வழக்கமான விளக்கம். விளக்கம் பிழையன்று. ஆயினும் பாடலின் உயிர்நிலை அணியில் இல்லை; ஒரு பழைய வினாவில் இருக்கிறது. இரும்பில் அடித்த கூரிய பொருளை மனிதன் வைத்திருப்பது வேலைக்கா, பார்வைக்கா?

பாடல் காட்டுவன இரண்டே இடங்கள். ஒன்று, காவல் மிக்க அகன்ற அரண்மனை; மற்றொன்று, கொல்லனின் சிறு குடில். அரண்மனையில் உள்ளவை மயிற்பீலியும் மாலையும் பூண்டு, காம்பு திருத்தப்பெற்று, நெய் பூசப்பெற்று விளங்குகின்றன. குடிலில் உள்ளவை பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கிடக்கின்றன. முன்னவற்றை அண்மைச் சுட்டாலும் பின்னவற்றைச் சேய்மைச் சுட்டாலும் புலவர் குறிக்கிறார். இதனை இலக்கணக் குறிப்பாக மட்டும் எழுதிவைத்துக் கடந்துவிடுதல் தகாது. கண்முன் நிற்பது காட்சிப் பொருள். கண்ணுக்கு எட்டாத் தொலைவில் இருப்பது கருவி. தன் படைப்பெருக்கைக் காட்ட அழைத்தவனுக்கு, அங்கே இல்லாத ஒன்றைப் புலவர் காட்டிவிடுகிறார். நெய் பூசிய வேலுக்குச் சொல்ல வரலாறு ஏதும் இல்லை. முறிந்த நுனியோ தானே ஒரு சான்று.

இவ்வேறுபாட்டைக் கேமரன் மலை மாணாக்கர்க்கு விளக்கப் பண்டைய உலைக்களத்தைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டம் முதலாக, அம்மலைச் சரிவுகளில் தேயிலையை நிலைநாட்டிய உழைப்பில் தமிழர் பங்கு பெரிது. தேயிலைச் செடியைத் தன்போக்கில் விட்டால் அது மரமாகிவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து வெட்டித் தாழ்வாகப் படரவிட்டால்தான் கொழுந்து கைக்கு எட்டும். அதற்குரியது கவாத்துக் கத்தி. வெட்டுவாய் சாய்வாகவும் வழவழப்பாகவும் அமைய வேண்டும். மழுங்கிய கத்தி கிளையைப் பிளந்துவிடும், பிளவில் நீர் தங்கும், நோய் புகும். ஆகவே கத்தியை அடிக்கடி தீட்டியாக வேண்டும். தீட்டத் தீட்ட இரும்பு குறையும். புதிதில் அகன்றிருந்த அலகு பல பருவங்கள் கண்டபின் மெலிந்து, பிடித்தவரின் கைவாக்கிற்கேற்ப ஒருபுறம் தேய்ந்து நிற்கும். அதியமானின் வேலில் முறிந்த நுனி எதுவோ, இக்கத்தியில் தேய்ந்த அலகு அதுவே. படைவீரர் பயிற்சிக்கும் கவாத்து என்னும் சொல்லே தமிழில் வழங்குவது ஈண்டு எண்ணத்தக்கது.

இனி, தொண்டைமான் பக்கம் நின்று பேசவும் இடமுண்டு. நுனி முறிந்த வேலைவிட நெய் பூசிய வேலன்றோ போருக்கு உதவும்? எந்நாளும் கொல்லனிடம் கிடக்கும் படைக்கலத்தைக் கொண்டு நாளை வரும் பகையை எதிர்ப்பது எங்ஙனம்? கூர்த்த மதியுள்ள மாணாக்கர் கேட்கக்கூடிய கேள்வி இது. ஆசிரியர் அதனை அடக்காமல் வளர்க்க வேண்டும். படைக்கலத்தை அணிசெய்வது அக்காலத்தில் வெறும் ஆடம்பரம் அன்று. இப்பாடலின் துறையே வாண்மங்கலம். வாளை நீராட்டிப் போற்றும் மங்கலச் செயலைக் குறிக்கும் பெயர் அது. படைக்கு மங்கலம் கூறும் துறையில், மங்கலமாக அணிசெய்யப்பெற்ற படையை நகையாடும் பாடல் வந்து அமர்ந்திருப்பது சுவையான முரண்.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தியில் கொல்லர் கதிர் அறுக்கவும் விறகு வெட்டவும் அரிவாள் அடிக்கின்றனர். கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டவர் சொன்ன அளவில் பேரரிவாளும் அடித்துத் தருகின்றனர். பின்னது எதனையும் வெட்டாது. அதனால் அது பொய்க்கருவி ஆகிவிடுமா? ஆகாது. மலாய்க் குடும்பங்கள் வழிவழியாகப் போற்றிவைக்கும் கெரிஸும் அத்தகையதே. தொண்டைமானின் குறை வேல்களை அழகுபடுத்தியதில் இல்லை. அழகையே வலிமைக்குச் சான்றாகக் காட்டியதில் இருக்கிறது. இன்று செல்வர் சிலர் பெயர்பெற்ற கைவினைஞரிடம் சொல்லிவைத்துக் காத்திருந்து வாங்கி, கண்ணாடிப் பேழையில் பூட்டிவைக்கும் கத்திகளையும் இதே அளவுகோலால் அளக்கலாம். தொழில்நேர்த்தியை விரும்பி வாங்கியவரிடம் குறைகாண ஏதுமில்லை. பேழையைக் காட்டித் தம்மைக் கைத்திறன் உடையவராக எண்ணிக்கொள்பவர்க்கே ஔவையாரின் பாட்டு உறைக்கும்.

பாடலின் பிற்பகுதியை அடைமொழி என்று விரைந்து கடந்துவிடுவது வகுப்பறை வழக்கம். புலவரின் நெஞ்சு அங்கேதான் இருக்கிறது. உணவு உள்ளபோது பிறர்க்குக் கொடுப்பவன், இல்லாதபோது உடனிருந்து பகிர்ந்து உண்பவன், வறியோர் சுற்றத்தின் தலைவன் என்றெல்லாம் அதியமானைச் சொல்லிய பிறகே அவனுடைய வேலைச் சொல்லிப் பாடலை முடிக்கிறார். வேலுக்கும் சோற்றுக்கும் என்ன உறவு? தேய்வதற்கு அஞ்சாதவன் கொடுப்பதற்கும் அஞ்சான் என்பதே அவ்வுறவு. பின்னர்ப் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றான், அதியமான் மாண்டான். நுனி முறிந்த வேல்கள் அவனைக் காக்கவில்லை. 95ஆம் பாடலை வெற்றிக்கு அளித்த உறுதிமொழியாகப் படிப்பவர்க்கு இது இடறலாகத் தோன்றும். ஆனால் அவன் மறைவுக்கு இரங்கிய 235ஆம் பாடலிலும் ஔவையார் முதலில் நினைப்பது கள்ளையும் சோற்றையும் பகிர்ந்த கையைத்தான். அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணரின் உண்கலத்தையும் துளைத்துச் சென்றதாக அவர் புலம்புகிறார். இவ்விரு பாடல்களையும் அடுத்தடுத்து வைத்துக் கற்பிக்கும்போது, அணியிலக்கணம் தானே பின்னுக்கு நகர்ந்துவிடும்.

கேமரன் மலையில் கவாத்துக் கத்தியின் காலம் குறுகி வருகிறது. தோட்ட வேலையில் எந்திரங்கள் இடம்பிடித்துவிட்டன. வெளிநாட்டுத் தொழிலாளர் பெருகிவிட்டனர். தோட்டத் தமிழர் பலர் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். பாட்டனின் கத்தி பேரன் வீட்டுச் சுவரில் தொங்குமானால் அதனைக் குறைகூற இடமில்லை. அது தேய்ந்த பிறகே சுவரேறியது. கவலைக்குரியது பாடல்தான். மனனப் போட்டி மேடையில் ஒலிநயத்தோடு ஒப்பிக்கப்பெற்று, கைதட்டலும் பெற்று இறங்கும் 95ஆம் பாடல் பீலி சூடி நெய் பூசி நிற்கிறது. அது யாரைக் குத்தியது, எங்கே முறிந்தது என்று அம்மேடையில் கேட்பாரில்லை. தேய்ந்த கவாத்துக் கத்தி ஒன்றை வகுப்பறை மேசைமேல் வைத்து, இஃது ஔவையாரின் அண்மைச் சுட்டுக்கு உரியதா, சேய்மைச் சுட்டுக்கு உரியதா என்று ஆசிரியர் ஒருவர் வினவுவாராயின், மாணாக்கர் தரும் விடைகள் ஒன்றுபோல் இரா.