காம்பவுண்ட் வில்லிலிருந்து குறுக்குவில்லுக்கு: மான் வேட்டைக் கருவிகள் இரண்டின் ஒப்பாய்வு

வட அமெரிக்காவில் வெள்ளைவால் மானை வில்லால் வேட்டையாடுவோரிடையே, பல ஆண்டுகள் பழகிய காம்பவுண்ட் வில்லை வைத்துவிட்டுக் குறுக்குவில்லைக் கையிலெடுப்போரின் தொகை கூடிவருகிறது. இம்மாற்றத்தை முன்னேற்றம் என்று வரவேற்பாரும் குறுக்குவழி என்று ஒதுக்குவாரும் உளர். நாணேற்றுவது முதல் எய்யாத கணையை இறக்கிவைப்பது வரை இரு கருவிகளையும் படிப்படியாக ஒப்பிடும்போது, இரு தரப்பினரும் சொல்வதில் பாதியே பொருந்துவது புலனாகும். இங்கே ஒப்பீட்டுக்காக, 400 கிரெய்ன் (ஏறத்தாழ 26 கிராம்) எடையுள்ள அம்பை நொடிக்கு 290 அடி வேகத்தில் செலுத்தும் 70 பவுண்டு காம்பவுண்ட் வில்லும், அதே எடையுள்ள கணையை நொடிக்கு 400 அடி வேகத்தில் செலுத்தும் இடைத்தரக் குறுக்குவில்லும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

அமைப்பு

காம்பவுண்ட் வில் என்பது, வில்லின் இரு முனைகளிலும் கேம் எனப்படும், மையம் விலகிச் சுழலும் சக்கரங்களைப் பொருத்தி, அவற்றைக் கம்பிவடம் போன்ற இழைகளால் இணைத்த வில்லாகும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் இதற்கு 1969இல் காப்புரிமை பெற்றார். நாணை இழுக்கத் தொடங்கியதும் விரைந்து ஏறும் பளு, இழுப்பின் இறுதியில் சக்கரம் திரும்பியவுடன் தளர்ந்துவிடுவதே இதன் சிறப்பு. ‘லெட்-ஆஃப்’ எனப்படும் இத்தளர்வு 80 விழுக்காடாக இருக்கும் வில்லில், 70 பவுண்டு இழுத்தவர் இறுதியில் 14 பவுண்டை மட்டுமே தாங்கி நிற்கிறார்.

குறுக்குவில்லோ, துப்பாக்கியின் கட்டையைப் போன்ற தண்டின் முன்பகுதியில் வில்லைப் படுக்கைவாட்டில் பொருத்தி, இழுத்த நாணை ஒரு கொண்டியில் மாட்டி நிறுத்தி, விசையை அழுத்தும்போது விடுவிக்கும் பொறியாகும். பழங்காலச் சீனப் படைகள் கையாண்ட இக்கருவியைக் கிறித்தவர்கள்மீது பயன்படுத்தக் கூடாதென 1139இல் கூடிய இரண்டாம் லேட்டரன் சங்கம் தடைவிதித்தது. இன்றைய குறுக்குவில்களுள் பெரும்பாலானவை காம்பவுண்ட் வில்லின் சக்கரங்களையே கடன்வாங்கியவை. கனடாவின் எக்ஸ்காலிபர் போன்ற சில நிறுவனங்கள் மட்டும் சக்கரமில்லாத, முனை வளைந்த வில்களைப் பொருத்துகின்றன. வேகத்தில் இவை சற்றுப் பின்தங்கினாலும், அறுந்த நாணைக் காட்டிலேயே மாற்றிக்கொள்ள இடந்தருகின்றன.

குறுக்குவில்லின் இழுவிசை 150 முதல் 200 பவுண்டு வரையிலும் அதற்கு மேலும் இருப்பதைக் கண்டு, அது காம்பவுண்ட் வில்லைப் போல மூன்று மடங்கு ஆற்றல் உடையது என்று எண்ணுவது பிழையாகும். நாண் கணையைத் தள்ளிச்செல்லும் தொலைவு, அதாவது உந்துநீளம், காம்பவுண்ட் வில்லில் ஏறத்தாழ 21 அங்குலமும் குறுக்குவில்லில் 13 அங்குல அளவுமே இருப்பதால், கூடிய பளுவின் ஒரு பகுதி குறைந்த நீளத்தை ஈடுகட்டுவதிலேயே செலவாகிவிடுகிறது. மேற்கூறிய இரு கருவிகளின் கணைகளும் கொண்டுசெல்லும் இயக்க ஆற்றல் முறையே ஏறத்தாழ 101 ஜூல், 193 ஜூல் ஆகும். இது இரண்டு மடங்குக்கும் சற்றுக் குறைவு. மேலும், கணை விலங்கை வீழ்த்துவது அதிர்ச்சியால் அன்று, முனையிலுள்ள அலகுகள் குருதிக்குழாய்களை அறுப்பதால்தான். ஆகவே 101 ஜூலுடன் செல்லும் அம்பே மானின் நெஞ்சறையை ஊடுருவப் போதுமானதாக இருக்கும்போது, எஞ்சிய ஆற்றல் பெரும்பாலும் மறுபுறத்து மண்ணில்தான் புதைகிறது.

நாணேற்றமும் குறிபார்த்தலும்

இரு கருவிகளுக்கும் இடையே உள்ள உண்மையான வேறுபாடு நாணேற்றும் நேரத்தில் இருக்கிறது. காம்பவுண்ட் வில்லில் மான் எய்தொலைவுக்குள் வந்த பின்னரே நாணை இழுக்க வேண்டும். அந்த அசைவை மான் கண்டுகொள்ளாமலிருக்க அதன் தலை மரத்துக்குப் பின்னால் மறையும் கணத்துக்குக் காத்திருக்க வேண்டும். இழுத்த பின் மான் நின்றுவிட்டால், தோள் நடுங்கும்வரை தாங்கி நிற்க வேண்டும். குறுக்குவில்லில் இம்மூன்றும் நீங்கிவிடுகின்றன. வேட்டையாடுபவர் இருக்கையில் அமர்வதற்கு முன்பே நாணேற்றி, மணிக்கணக்கில் காத்திருந்து, மான் வந்ததும் பாதுகாப்புப் பூட்டை நீக்கி விசையை அழுத்தினால் போதும். தோள்மூட்டு தேய்ந்தவர், முதுமையால் தசை தளர்ந்தவர், அன்றாடம் பயில நேரமில்லாதவர் ஆகியோருக்கு இக்கருவி தரும் நன்மை முழுவதும் இதில் அடங்கியுள்ளது.

நாணேற்றும்போது தண்டின் முனையிலுள்ள மிதிவளையத்தில் கால்வைத்து, கப்பிகள் கோத்த கயிற்றால் இழுத்தால், 180 பவுண்டு இழுவிசையில் ஏறத்தாழ பாதியையே கைகள் உணரும். கைப்பிடியைச் சுழற்றி ஏற்றும் கிராங்க் வகை, மெதுவானதாயினும், வலுக்குறைந்த கைக்கும் ஏற்றது. வெறுங்கையால் இழுப்பது, நாணின் நடு ஒருபக்கம் விலகிக் கொண்டியில் மாட்டிக்கொள்ள வழிவகுக்கும். அவ்விலகல் சிறிதாயினும் கணை பக்கவாட்டில் தவறும். எனவே கொண்டியின் இருபுறமும் நாணில் குறியிட்டு, ஒவ்வொரு முறையும் அக்குறிகள் சமமாக அமைவதைச் சரிபார்ப்பது இன்றியமையாதது.

குறிபார்த்தலிலும் குறுக்குவில்லுக்கே மேன்மை உண்டு. காம்பவுண்ட் வில்லில், பீப் எனப்படும், நாணில் பதித்த சிறுதுளை வளையத்தின் வழியே முன்னுள்ள ஊசிகளைப் பார்க்க வேண்டியிருப்பதால், மான் மிகுதியாக நடமாடும் விடியலிலும் அந்தியிலும் அத்துளை இருண்டுபோகிறது. குறுக்குவில்லின் தொலைநோக்கியோ மங்கிய ஒளியிலும் தெளிவைத் தருவதுடன், 20, 30, 40, 50 கெஜங்களுக்குரிய கோடுகளையும் ஒரே பார்வையில் காட்டுகிறது. ஆயினும் தோளில் அழுத்திப் பிடித்த கருவி ஒருபுறம் சாய்ந்திருப்பதைப் பலர் உணர்வதில்லை. 50 கெஜத்தில் கணை ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் தாழ்வதால், வெறும் 5 பாகைச் சாய்வும் அதை 6 சென்டிமீட்டர் விலக்கிவிடும். குமிழிமட்டம் பொருத்திய தொலைநோக்கி இக்குறையை நீக்கும்.

வேகமும் தொலைவும்

‘நொடிக்கு 400 அடி’ என்ற விளம்பர எண்ணைக் காண்பவர் எய்தொலைவும் அதற்கேற்ப நீளுமென நினைப்பது இயல்பு. ஆனால் வில்நாணின் ஒலியைக் கேட்ட மான், ஓடுவதற்காகக் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்துகிறது; இதையே அங்குள்ள வேட்டையாளர் ‘நாணுக்குத் துள்ளுதல்’ என்கின்றனர். 30 கெஜத் தொலைவுக்கு ஒலி 0.08 நொடியில் சென்றுசேர, காம்பவுண்ட் வில்லின் அம்பு 0.31 நொடியிலும் குறுக்குவில்லின் கணை 0.225 நொடியிலும் சென்றடைகின்றன. அதாவது, மான் அசைவதற்குக் கிடைக்கும் இடைவெளி முன்னதில் 0.23 நொடி, பின்னதில் 0.145 நொடி. இதே குறுக்குவில்லை 60 கெஜத்தில் எய்தால் அவ்விடைவெளி 0.29 நொடியாக உயர்ந்து, காம்பவுண்ட் வில்லின் 30 கெஜ அளவையும் விஞ்சிவிடுகிறது. கணை புவியீர்ப்பால் தாழும் அளவும் 30 கெஜத்தில் 25 சென்டிமீட்டராக இருப்பது 60 கெஜத்தில் ஒரு மீட்டரை எட்டுகிறது. நெஞ்சறையின் இலக்கோ ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் விட்டமுடையது. தொலைவை மதிப்பிடுவதில் நேரும் சிறு பிழையும் விலங்கைக் காயத்துடன் ஓடச்செய்துவிடும். குறுக்குவில்லின் ஒலி பொதுவாகக் கூடுதல் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வேகத்தால் கிடைக்கும் உண்மையான ஆதாயம் பத்துப் பதினைந்து கெஜங்களே.

பரணில் குறுக்குவில்

வெள்ளைவால் மானுக்காகப் பெரும்பாலும் தரையிலிருந்து 15 முதல் 20 அடி உயரத்தில், மரத்தில் கட்டிய பரணில் காத்திருப்பர். அங்கே ஏறத்தாழ இரண்டு கிலோ எடையுள்ள காம்பவுண்ட் வில்லைக் கொக்கியில் தொங்கவிட்டு, வேண்டும்போது எடுக்கலாம். மூன்று கிலோவைத் தாண்டும் குறுக்குவில்லோ, எடையெல்லாம் முன்புறம் சாய்ந்திருப்பதால், கம்பியிலோ முட்டிலோ சார்த்தாமல் நெடுநேரம் குறிவைக்க இயலாதது. நாணேற்றியபின் அகலம் 6 முதல் 10 அங்குலமாகக் குறுகும் அண்மைக்கால வடிவங்கள் பரணின் நெருக்கடிக்குள் திரும்ப உதவுகின்றன. அகன்ற பழைய வடிவங்களில் வில்லின் முனை மரத்திலோ பரணின் கம்பியிலோ மோதும் ஆபத்து உண்டு.

முதற்கணை தவறினால், காம்பவுண்ட் வில்லர் சில நொடிகளில் மறு அம்பைத் தொடுத்துவிடுவார். குறுக்குவில்லரோ எழுந்து, கால்வைத்து, கயிறு மாட்டி இழுப்பதற்குள் மான் காட்டுக்குள் மறைந்திருக்கும். எய்யாமல் இறங்க நேர்ந்தால், காம்பவுண்ட் வில்லில் நாணை மெல்லத் தளர்த்திவிடலாம். குறுக்குவில் பலவற்றில் தனியே வைத்திருக்கும் கணையொன்றை மண்ணிலோ இலக்குப் பொதியிலோ எய்துதான் பளுவை நீக்க வேண்டும். கணையின்றி விசையை அழுத்தினால், கணை கொண்டுபோயிருக்க வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லுக்கே திரும்பி அதைப் பிளந்துவிடக்கூடும். இதைத் தடுக்கும் பூட்டு இன்றைய கருவிகளில் உண்டெனினும், நிறுவனம் குறிப்பிட்ட கவைமுனை (நாணைக் கவ்வும் பின்முனை) அல்லாத கணையைப் பொருத்தினால் அப்பூட்டும் பயன்தராமற் போகலாம். இவற்றினும் கொடியது, தண்டின் தடத்துக்குமேல் கட்டைவிரலை உயர்த்திப் பிடிக்கும் பழக்கம். பாயும் நாண் அவ்விரலைத் துண்டித்துவிடும்.

செலவும் சட்டமும்

குறுக்குவில்லின் விலை சில நூறு டாலரில் தொடங்கி இரண்டாயிரம் டாலருக்கு மேலும் செல்கிறது. பழைய வில்லின் அம்புகள் நீளத்தால் பொருந்தாதவை. ஊசிக்குறியும் நாண்விடுவிப்பானும் தேவைப்படாதவை. திருகி மாட்டும் வெட்டுமுனைகள் மட்டுமே மறுபயனுக்கு வரலாம், அவையும் புதிய வேகத்துக்கு ஏற்றவைதாமா என்று எய்து பார்த்தபின்பே. நாணுக்கு மெழுகும், தடத்துடன் உராயும் நாணின் நடுப்பகுதிக்கு அடிக்கடிச் சோதனையும் தேவை.

சட்டம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. ஒஹாயோ 1970களிலேயே மான் வேட்டையில் குறுக்குவில்லை ஏற்றது. பென்சில்வேனியா 2009இலும் விஸ்கான்சின் 2014இலும் அனைவருக்கும் அதைத் திறந்துவிட்டன. ஓரிகன் இன்றும் வேட்டைக்கு அதை அனுமதிப்பதில்லை. வில்வேட்டைச் சாதனைகளைப் பதியும் போப் அண்ட் யங் சங்கம் குறுக்குவில்லால் வீழ்த்தியவற்றைத் தன் பதிவேட்டில் சேர்ப்பதில்லை. பிரிட்டனில் இவ்விரண்டு கருவிகளாலும் காட்டுவிலங்குகளை வேட்டையாடுவது குற்றம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையையே தடைசெய்கிறது.

முடிவு

தோள்வலியாலோ பயிற்சிக் குறைவாலோ நாணை உறுதியாக இழுத்துப் பிடிக்க இயலாதவருக்குக் குறுக்குவில் தக்க மாற்று. அவர் கையில் அது விலங்குக்கும் நன்மையே, ஏனெனில் நடுங்கும் கை எய்த அம்பே காயத்தோடு அலையும் மானை உண்டாக்குகிறது. காம்பவுண்ட் வில்லை இன்னும் செவ்வனே கையாளக்கூடியவர், கூடுதல் தொலைவை விரும்பி மாறுவாரானால், எடை, ஒலி, மறுகணை, இறக்கும் தொல்லை ஆகியவற்றை ஏற்றுக்கொண்டு ஈடாகச் சில கெஜங்களையே பெறுவார். காற்றின் திசையறிந்து பரண் கட்டுவதும், மான்தடத்தைப் படிப்பதும், முப்பது கெஜத்துக்குள் அது வரும்வரை அசையாதிருப்பதும் பழைய வில்லில் எவ்வாறு அவருடைய வேலையாக இருந்தனவோ, புதிய கருவியிலும் அவ்வாறே இருக்கின்றன.