தப்பு விடையைக் கேட்கும் காது

நல்லாசிரியருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் அன்பு, பொறுமை, அறிவு என்று எல்லோருமே சொல்லிவிடுவார்கள். பவணந்தி முனிவர் அதோடு நிற்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டையொட்டி அவர் எழுதிய நன்னூலின் பொதுப்பாயிரம், நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்று நான்கு உவமைகள் சொல்கிறது. பிறகு, ஆசிரியர் ஆகத் தகாதவருக்கும் நான்கு சொல்கிறது. எனக்கு இந்த இரண்டாவது நான்கின் மேல்தான் பிரியம் அதிகம். வகுப்பறையை வருஷக்கணக்கில் கவனித்த ஒரு மனிதரின் கண் அதில் தெரிகிறது.

கழற்சிக்காய் போட்ட குடம்: கவிழ்த்தால் போட்ட வரிசையில் வராது, எல்லாம் ஒன்றாக உருண்டு கொட்டும். மடல் அடர்ந்த பனை: தானாக விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம், நாமாக ஏறிப் பறிக்க முடியாது. பஞ்சு அடைத்த குண்டிகை: உள்ளே போவதும் சிரமம், வெளியே வருவதும் சிரமம். வளைந்த தென்னை: தண்ணீர் ஊற்றியவன் ஒருவன், இளநீர் விழுவது அடுத்தவன் கொல்லையில். நான்கையும் சேர்த்துப் பாருங்கள். இவர்களில் யாரும் அறிவில்லாதவர் இல்லை. குடம் நிறைந்துதான் இருக்கிறது, பனையிலும் தென்னையிலும் காய் இருக்கிறது. எதிரே இருப்பவனுக்கு அது எப்படிப் போய்ச் சேருகிறது என்ற கவனம்தான் இல்லை. கற்பித்தல் என்ற கலையை ரசிக்க விரும்புகிறவர் பார்க்க வேண்டிய இடமும் அதுவே. என்னைக் கேட்டால் இன்னும் குறுக்கிச் சொல்வேன்: ஒரு பிள்ளை தப்பாக விடை சொன்ன அடுத்த நிமிஷத்தில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

இரண்டாம் வகுப்புக் கணக்கு ஒன்று. 52-இலிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். பிள்ளை 35 என்று எழுதியிருக்கிறாள். அவசரக்கார ஆசிரியர் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் 25 என்று எழுதிவிட்டு அடுத்த நோட்டை எடுப்பார். தேர்ந்த ஆசிரியர் 35-ஐக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு, “இதை எப்படிப் போட்டே, சொல்லும்மா” என்பார். “ஏழுல ரெண்டு போனா அஞ்சு. அஞ்சுல ரெண்டு போனா மூணு, டீச்சர்.” விஷயம் புரிந்துவிட்டது. பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று போன வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதைப் பிள்ளை நம்பி, விடாமல் கடைப்பிடித்திருக்கிறாள். இது கவனக்குறைவே அல்ல, பழைய பாடத்தை அளவுக்கு மீறி நம்பியதன் விளைவு.

ஆசிரியர் அத்தோடு விடமாட்டார். 46-இலிருந்து 19-ஐக் கழிக்கச் சொல்வார். 27 வந்தால் முன்னது கைதவறல். 33 வந்தால் அவர் நினைத்தது சரி. அந்த இரண்டாவது கணக்கைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கும் நுட்பத்தை நான் மிகவும் ரசிப்பேன். நோயைக் காட்டிக்கொடுக்கும் எண்களாகப் பார்த்து, யோசிக்க நேரமில்லாத அந்தக் கணத்தில் எடுத்துப் போடுகிறாரே, அது பல வருஷப் பழக்கத்தில் வந்த கை.

அடுத்து ஈர்க்குச்சிகள் வரும். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு. “எனக்கு ஏழு குச்சி குடு” என்று கையை நீட்டுவார். பிள்ளை உதிரி இரண்டைப் பார்ப்பாள், கட்டுகளைப் பார்ப்பாள், ஆசிரியர் முகத்தைப் பார்ப்பாள். இங்கேதான் பலர் தோற்றுப்போகிறார்கள், “கட்டைப் பிரி” என்று சொல்லிவிடுகிறார்கள். சொல்லாமல் இருப்பவரே கலைஞர். பிள்ளை தானாக ஒரு கட்டைப் பிரித்ததும் பன்னிரண்டு ஆகிறது, ஏழு கொடுத்தால் ஐந்து மிச்சம். கட்டு நான்காகக் குறைந்துவிட்டது என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை, கண்ணெதிரே கிடக்கிறது. இப்படிப் படித்த பிள்ளை பின்னால் 403-இலிருந்து 168-ஐக் கழிக்கும்போது நடுவில் நிற்கும் பூஜ்ஜியத்தைக் கண்டு மிரளமாட்டாள். நூறு என்ற பெரிய கட்டைப் பத்துக் கட்டுகளாக்கி, அதில் ஒன்றைப் பிரிக்க வேண்டும் என்று அவள் விரல்களுக்கே தெரியும்.

அந்தச் சும்மா இருத்தலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து அளந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி அளவே. அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ குறைந்தது, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மூன்று விநாடி என்பது படிக்கும்போது சின்னதாகத் தெரியும். நாற்பது கண்கள் பார்க்க, கரும்பலகை முன் நின்று வாயை மூடிக்கொண்டிருப்பவருக்கு அது எவ்வளவு நீளம் என்பது தெரியும். அந்த மௌனத்தைத் தாங்கத் தெரிந்த ஆசிரியரின் வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளையின் குரலையும் கேட்கலாம்.

தப்பு வராதபடி பாதையைச் செப்பனிடுவதும் இதே காதின் வேலைதான். தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கையில் அகர வரிசைப்படி ‘அ’விலிருந்து தொடங்காமல் ட, ப, ம என்று தொடங்கும் ஆசிரியர்கள் உண்டு. ‘ட’வுக்கு இரண்டு கோடு, ‘ப’வுக்கு மூன்று, ‘ப’வோடு ஒரு வளைவு சேர்ந்தால் ‘ம’. சுழியும் வளைவுமான ‘அ’வை எழுதப் பிஞ்சு விரலுக்கு இன்னும் பலம் வேண்டும். இந்த மூன்றோடு புள்ளியையும் காட்டிவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடுகின்றன. பள்ளிக்கு வந்த சில நாளில் ‘பட்டம்’ என்று தானே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிற பிள்ளையின் முகத்தைப் போல் எனக்குப் பிடித்த காட்சி வேறில்லை.

செயல்வழிக் கற்றல் 2007-08-இல் தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் வந்தபோது, சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகைகள் அமைத்தார்கள். அந்த முறையைப் பற்றிப் பலவித அபிப்பிராயம் உண்டு. அந்தத் தாழ்ந்த பலகையை மட்டும் நான் மனமாரப் பாராட்டுவேன். அதில் பிள்ளைகள் எழுதும்போது ஆசிரியர் நின்ற இடத்திலிருந்து ஒருமுறை சுற்றிப் பார்த்தாலே யார் எங்கே தடுக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். நோட்டைச் சேகரித்து வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்துகிறவருக்கு மறுநாள்தான் தெரியும். அதற்குள் தப்பு ஒரு ராத்திரி ஊறியிருக்கும்.

குரல், கையெழுத்து, கதை சொல்லும் சாமர்த்தியம் எல்லாமே நல்ல துணைகள்தாம். ஆனால் கணீரென்ற குரலில் பாடம் நடத்திப் பிள்ளைகளைச் சிலையாக உட்கார வைப்பவரை விட, தணிந்த குரலில் நான்கு கேள்வி கேட்டு இருபது பதிலை வாங்குகிறவரையே நான் மேலானவராக வைப்பேன்.

இவ்வளவு நுட்பமான வேலைக்கு ஆசிரியருக்கு நேரம் வேண்டும், பிள்ளைகளின் எண்ணிக்கை கைக்கு அடங்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009 தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று கணக்கு வைத்திருக்கிறது. ஆனால் ஈராசிரியர் பள்ளிகளில் ஒருவரே இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கிறார், நடுநடுவே பதிவேடுகளையும் நிரப்புகிறார். அதே சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். அந்தக் குழுவில் நீங்கள் இருந்தால், சுற்றுச்சுவருக்கும் கழிப்பறைக்கும் குரல் கொடுக்கும் கூட்டத்திலேயே இன்னொன்றையும் கேளுங்கள்: எங்கள் பிள்ளை தப்பாகப் போட்ட கணக்கை அவளோடு உட்கார்ந்து பேச அவள் ஆசிரியருக்கு நேரம் கிடைக்கிறதா? கிடைக்கவில்லை என்றால், கிடைக்கும்படி செய்ய என்ன வேண்டும் என்று தீர்மானம் போட்டு அனுப்புங்கள்.