மருத்துவமனைத் தெருவில் ஓர் அடுப்பு

சென்னை கிரீம்ஸ் சாலையிலிருந்து பிரியும் தெருக்களில் பெயர்ப்பலகைகள் பல வங்காள எழுத்தில் இருக்கும். 1983இல் அப்போலோ மருத்துவமனை அங்கே வந்தது. கொல்கத்தாவிலிருந்தும் டாக்காவிலிருந்தும் நோயாளிகள் வரத் தொடங்கியதும் சுற்றிலுமுள்ள வீடுகள் நாள் வாடகைக்கு மாறின. அடுப்பு, பாத்திரம், கட்டில் எல்லாம் இருக்கும். அரிசியும் மீனும் நாமே வாங்கிச் சமைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டை இடைத்தரகர்களின் பணம் பறிக்கும் தொழில் என்று ஒதுக்கிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பெரிய சிகிச்சைகளின் கால அளவைப் பார்த்தாலே காரணம் விளங்கும். கதிர்வீச்சு பெரும்பாலும் வாரத்தில் 5 நாள், 5 முதல் 7 வாரம்வரை நீளும். பிறர் தந்த எலும்பு மஜ்ஜையை ஏற்றுக்கொண்டவரை ஏறத்தாழ 100 நாள் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொல்வார்கள். சிறுநீரகம் மாற்றியவருக்கு, ரத்தத்தில் மருந்தின் அளவு சரியாக இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்தாக வேண்டும். இவர்களுக்கு மருத்துவமனைக் கட்டில் தேவையில்லை, ஆனால் ஊருக்கும் திரும்ப முடியாது. மூன்று பேர் அத்தனை நாள் ஓட்டலில் தங்க எந்த நடுத்தரக் குடும்பத்தால் முடியும்?

பணத்தைவிடப் பெரிய விஷயம் சாப்பாடு. எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் உடம்புக்கு, அப்போது சமைத்து, நன்றாக வெந்து, சூடாகத் தட்டில் விழும் சோறுதான் பாதுகாப்பு. பொட்டாசியம் கூடிவிட்ட சிறுநீரக நோயாளிக்குக் காய்கறியை வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுத் தரச் சொல்வார்கள். எந்த ஓட்டல் சமையல்காரர் ஒருவருக்காக அதைச் செய்வார்? இந்தத் தெருக்களின் அடுப்பைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நான் பார்க்கிறேன்.

ஆனால் அந்த அடுப்பின் முன் நிற்பது யார்? பெரும்பாலும் மனைவி அல்லது தாய். காலையில் டோக்கன் வரிசை, பிறகு ஸ்கேன், மருந்துக்கடை. அறைக்குத் திரும்பியதும் சமையல், பாத்திரம், துணி. தெரியாத ஊரில், தெரியாத மொழியில், ஓய்வே இல்லாத வேலை. வீட்டுச் சாப்பாட்டைப் புகழ்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. மும்பையில் 2006இல் தொடங்கிய செயின்ட் ஜூட் இல்லங்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் குடும்பங்களுக்கு இலவசமாக இடம் தருகின்றன. அங்கே பொதுச் சமையலறையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அடுப்பு. பக்கத்து அடுப்பில் இன்னொரு தாய் இருந்தால், ரத்தப் பரிசோதனைக்கு ஓடும்போது உலையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். நாள் வாடகை வீட்டின் பூட்டிய கதவுக்குள் அதற்கு வழியில்லை.

வீடுகளின் குறைகளும் சின்னவை அல்ல. லிப்ட் இல்லாத மாடியில், வயிற்றில் தையலோடு ஒருவரை ஏற்றி இறக்க வேண்டியிருக்கிறது. வாடகை பேசும்போது படிகளைப் பற்றி யாரும் சொல்வதில்லை. தொழிலுக்கு வணிகச் சிலிண்டர்தான் பயன்படுத்த வேண்டும், 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரை வைத்து நடத்துவது விதிமீறல். மெத்தையையும் கழிப்பறையையும் எவரும் சோதிப்பதில்லை. சைவம் மட்டும் என்று நிபந்தனை போடும் உரிமையாளர்கள் உண்டு. புரதம் கூட்டச் சொல்லி மருத்துவர் முட்டையும் மீனும் எழுதித் தந்த குடும்பம் அங்கே என்ன செய்யும்? வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அதை அரசிடம் பதிய வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. அவர் விட்டுவிட்டால், விசா நீட்டிப்புக்கு அலைவது நோயாளிதான். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களின் கஷ்டமும் உண்மை. மாத வாடகையைவிட நாள் வாடகை லாபம் என்றானதும் வீட்டைக் காலி செய்யச் சொன்னால் அவர்கள் எங்கே போவார்கள்?

இதற்காகத் தடை போடுவது தவறு. நியூயார்க்கில் 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 30 நாளுக்குக் குறைந்த வாடகையென்றால் வீட்டுக்காரரும் உடன் தங்க வேண்டும். விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது. குடியிருப்புகளைக் காக்க வந்த சட்டம்தான். இங்கே அப்படி ஒன்று வந்தால், ஒரு மாதத்துக்குக் குறைவாகத் தங்க நோயாளியோடு இரண்டு பேர் வரும் குடும்பத்துக்கு இடமே இருக்காது. மாநகராட்சி இந்த வீடுகளுக்குத் தனிப் பதிவு கொடுத்து, லிப்ட், தண்ணீர், எரிவாயு, கழிப்பறை நான்கையும் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். மருத்துவமனைகள் தங்கள் வரவேற்பு மேசையிலேயே அந்தப் பட்டியலை வாடகையோடு ஒட்டிவைக்க வேண்டும்.